அப்பாவின் சீட்டில் எட்டு மாத்திரை: எழுதியது டாக்டரா, கம்பெனியா?

வைகைக்கரை · வெள்ளி, இரவு 9:40

அப்பாவுக்கு 68 வயது. பத்து வருடமாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. போன வாரம் முழங்கால் வலி தாங்கவில்லை என்று பக்கத்து ஊர் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டோக்கன் 43. இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். எங்களுக்குச் சற்று முன்னால் தோல்பையும் டையுமாக மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் இருவர், வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே போய் வந்தார்கள். பிறகு எங்கள் முறை. டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார், மடக்கி நீட்டச் சொன்னார், எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

அப்பா ஏற்கெனவே சாப்பிடுவது மூன்று: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் கலந்த மாத்திரை, அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின். புதிதாக ஐந்து சேர்ந்தது. அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் கலந்த வலி மாத்திரை, வீக்கத்துக்கு டிரிப்சின்-கைமோடிரிப்சின், வயிற்றுக்கு பான்டோபிரசோல்-டோம்பெரிடோன், ஒரு சத்து மாத்திரை, ஒரு கால்சியம். எல்லாம் ஒரு மாதத்துக்கு. பில் 1,860 ரூபாய். எதிர்ச்சாரிக் கடையில் கேட்டால் அந்த ஐந்து பெயர்களில் நான்கு இல்லை. கிளினிக்கை ஒட்டிய கடையில் ஐந்தும் தயாராக இருந்தன.

டாக்டர் நல்லவர் என்றுதான் ஊரில் பெயர். நான் கேட்பது இதுதான்: அந்த ஐந்தையும் எழுத வைத்தது அப்பாவின் முழங்காலா, டை கட்டிய அந்த இருவரா?

நெருப்புக்கோழி · வெள்ளி, இரவு 9:58

இதில் சந்தேகம் வேறா? எல்லாம் கமிஷன். 2022-இல் பெங்களூரு கம்பெனி ஒன்று காய்ச்சல் மாத்திரை ஒன்றை விற்க டாக்டர்களுக்கு ஆயிரம் கோடி கொடுத்தது என்று உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னார்களே. அப்புறம் என்ன விவாதம்? டாக்டர் எழுதுவதைக் கடையில் கேள்வி கேட்காமல் வாங்குகிற நாம்தான் முட்டாள்கள்.

நீலமலர் · வெள்ளி, இரவு 10:25

நெருப்புக்கோழி, நான் மருந்தியல் கற்பிப்பவள். கம்பெனிகளுக்காகப் பேசப் போவதில்லை. ஆனால் கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள். அந்த ஆயிரம் கோடி, வருமான வரித் துறை ஒரு சோதனைக்குப் பின் வைத்த மதிப்பீடு. அதை மருந்துப் பிரதிநிதிகள் சங்கத்தின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னார். ஒரே மாத்திரைக்கு, ஒரே ஆண்டில் அவ்வளவு செலவழிக்க முடியாது என்று கம்பெனி மறுத்தது. நீங்கள் குற்றச்சாட்டைத் தீர்ப்பு ஆக்கிவிட்டீர்கள்.

தீர்ப்பு வேண்டுமானால் அதே 2022-இல், பிப்ரவரியில் வந்தது ஒன்று இருக்கிறது. அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற சென்னை நிறுவனத்தின் வழக்கு. சிங்கோவிட் என்ற சத்து மருந்தைப் பரப்புவதற்காக டாக்டர்களுக்குத் தங்கக் காசு, டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப், மாநாட்டுச் செலவு என்று கொடுத்ததை வியாபாரச் செலவாகக் காட்டி வரிக்கழிவு கேட்டது. டாக்டர் பரிசு வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரிலேயே விதி போட்டுவிட்டது. அந்த விதி எங்களைக் கட்டுப்படுத்தாது, டாக்டரைத்தான் கட்டுப்படுத்தும் என்பது கம்பெனியின் வாதம். வாங்குவது குற்றம், கொடுப்பது குற்றமில்லை என்கிற இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வரிக்கழிவு கிடையாது என்று சொல்லிவிட்டது. இலவசங்களின் செலவு கடைசியில் மருந்தின் விலையில் ஏறி நோயாளி தலையில் விழுகிறது என்பதையும் தீர்ப்பு பேசியது.

ஆக, கொடுக்கல் வாங்கல் உண்டு, ஆவணத்தில் உண்டு. ஆனால் வைகைக்கரையின் அப்பாவுக்கு எழுதிய டாக்டர் வாங்கினார் என்பதற்கு இது சாட்சி ஆகாது.

கிராமத்து டாக்டர் · சனி, காலை 6:50

19 வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். ஊர் சிறியது. ஒரு வேளைக்கு அறுபது பேர் வருகிறார்கள். தங்கக் காசு எதையும் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட இழைகளைப் படிக்கும்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கை எதைப் பார்த்து எழுதுகிறது என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தாள், இரண்டு நாள் காய்ச்சல். நெஞ்சு சுத்தமாக இருந்தது. வைரஸ் காய்ச்சல், பாராசிட்டமால் போதும், மூன்று நாளில் குறையாவிட்டால் வா என்றேன். புத்தகம் சொல்வது அதுதான். அவள் என்னிடம் திரும்பி வரவில்லை. ஐந்தாம் நாள் நிமோனியா முற்றி மாவட்ட மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவள் மாமனார் என் கிளினிக் வாசலில் நின்று, "ஒரு ஆன்டிபயாட்டிக் எழுதக் கை வரவில்லையா உனக்கு?" என்று தெருவே கேட்கக் கேட்டார். அடுத்த ஆறு மாதம் சளி என்று வந்த எல்லோருக்கும் அசித்ரோமைசின் எழுதினேன். தப்பு என்று தெரிந்தேதான் எழுதினேன். எந்தக் கம்பெனியும் அதற்கு எனக்குக் காசு கொடுக்கவில்லை.

இன்னொன்று. ஊசி போடாமல் அனுப்பினால் "ஒன்றுமே செய்யவில்லை" என்பவர்கள், மாத்திரை வேண்டாம், உடல் எடையைக் குறையுங்கள் என்றால் ஃபீஸைத் திருப்பிக் கேட்பவர்கள், எல்லோரும் உங்கள் வீட்டு மனிதர்கள்தான். நான் எழுதாவிட்டால் அடுத்த தெருவில் எழுதுவார்கள். அங்கே எழுதுகிறவர் சில சமயம் படித்தவராகக்கூட இருக்க மாட்டார்.

வைகைக்கரையின் பட்டியலைப் பற்றி: 68 வயதில் வலி மாத்திரை கொடுத்தால் வயிற்றைக் காக்க பான்டோபிரசோல் சேர்ப்பது நியாயம். அதைக் கமிஷன் என்று சொல்லாதீர்கள். டோம்பெரிடோன் தேவையில்லை, ஆனால் சந்தையில் இரண்டும் சேர்ந்தே சல்லிசாகக் கிடைக்கிறது. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும். சத்து மாத்திரை அதற்காக இருக்கலாம். சிறுநீரகத்தை நினைத்தால், டெல்மிசார்ட்டான் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் அசிக்ளோஃபினாக் கொடுக்க நான் பயப்படுவேன். ஐந்து நாள் கொடுத்திருப்பேன். அது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

நெருப்புக்கோழி · சனி, காலை 7:15

தெரிந்தே தப்பு செய்தேன் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வாக்குமூலத்துக்கு நன்றி, டாக்டர்.

நெறியாளர் · சனி, காலை 8:02

தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். இன்னொரு முறை என்றால் பதிவு நீக்கப்படும். மருந்துச்சீட்டுப் படம் போட்டவர் டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் தெரிந்ததால் அதை எடுத்துவிட்டேன்.

பழைய பை · சனி, காலை 10:30

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். டை கட்டிய அந்த இருவரில் ஒருவனாக நான் 14 வருடம் அலைந்தேன். திருச்சி, கரூர், பெரம்பலூர் என் ஏரியா. இப்போது வேறு தொழில். நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் நீங்கள் பார்க்காத பாதியைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தங்கக் காசு எல்லோருக்கும் கொடுக்க மாட்டோம். ஊரில் முந்நூறு டாக்டர் என்றால் அவர்களை ஏ, பி, சி என்று பிரித்து வைத்திருப்போம். பெரிய செலவெல்லாம் ஏ-வுக்கு. உங்களைப் போன்ற நேர்மையானவருக்குச் செலவே வேண்டாம். மாதம் இரண்டு விசிட், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் மருந்தின் பெயர் மூன்று முறை உங்கள் காதில் விழ வேண்டும். எங்கள் பயிற்சியே அதுதான். சாம்பிளை மேசையில் வைக்கும்போது பெயர் உங்கள் பக்கம் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும் என்றுகூடச் சொல்லித்தருவார்கள்.

பிறகு நேரே பக்கத்து மருந்துக் கடைக்குப் போவோம். கடைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "ஐயா நம்ம பிராண்டு ஓடுகிறதா?" என்று கேட்போம். எந்த டாக்டர் எதை எழுதுகிறார், வாரத்துக்கு எத்தனை அட்டை, போட்டிக் கம்பெனிக்கு எத்தனை, எல்லாம் நோட்டில் ஏறும். இதற்கு ஆர்.சி.பி.ஏ. என்று பெயர். எல்லாக் கம்பெனியும் செய்வதுதான். ஆகவே மறுமுறை உங்கள் முன் வந்து உட்கார்ந்தபோது, போன மாதம் என் மாத்திரையை நீங்கள் எழுதினீர்களா என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று உங்களுக்கும் தெரியும். இருவரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

இதையெல்லாம்விட வேலை செய்தது எது தெரியுமா? இரக்கம். மாதக் கடைசி, 28-ஆம் தேதி இரவு ஒன்பதரை. கடைசி நோயாளி போகும்வரை வெளியே நின்று, வேர்வை நாற்றத்தோடு உள்ளே வந்து, "டார்கெட்டுக்கு நாற்பது அட்டை குறைகிறது சார், மேனேஜர் வேலையை விட்டுப் போகச் சொல்கிறார்" என்பேன். அது நடிப்பில்லை, மேனேஜர் உண்மையாகவே சொல்லியிருப்பார். ஒரு டாக்டரும் அப்போது "எழுதுகிறேன்" என்று சொன்னதில்லை. பெரும்பாலும் "சாப்பிட்டாயா?" என்பார்கள். அடுத்த வாரம் கடையில் போய்ப் பார்த்தால் நாற்பது அட்டை ஓடியிருக்கும்.

கிராமத்து டாக்டர் · சனி, மதியம் 1:20

நாற்பது அட்டைக் கதை என் கிளினிக்கில் நடந்தது மாதிரியே இருக்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள். பான்டோபிரசோல் தேவை என்று முடிவு செய்தது நான். பத்துக் கம்பெனி பான்டோபிரசோலில் உங்களுடையதை எழுதினால் நோயாளிக்கு என்ன நட்டம்? மருந்து ஒன்றுதானே? பசித்த பையனுக்கு ஒரு உதவி, அவ்வளவுதான். ஒரு பேனாவுக்கும் ஒரு நாட்காட்டிக்கும் விலைபோகிறவர்கள் என்று எங்களை நினைப்பது அவமானம்.

நீலமலர் · சனி, மதியம் 2:45

நட்டம் விலையில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் பேனாவுக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் ஒரு சட்டத்தின்படி கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுப்பவை 2013 முதல் பதிவாகிப் பொதுத் தளத்தில் வெளியாகின்றன. எந்த டாக்டர் பெயரைப் போட்டும் யாரும் பார்க்கலாம். 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அந்தப் பதிவையும் முதியோர் காப்பீட்டு மருந்துக் கணக்கையும் இணைத்துப் பார்த்தது. சுமார் 2,80,000 டாக்டர்கள். கொடுக்கப்பட்டவற்றில் 95 சதவீதம் வெறும் சாப்பாடு, சராசரி 20 டாலருக்கும் குறைவு. ரோசுவாஸ்டாட்டின், நெபிவோலோல், ஓல்மிசார்ட்டான் போன்ற மருந்துகளை அன்று ஒரே கம்பெனிதான் பிராண்டில் விற்றது. அதே வகையில் மலிவான மாற்றுகள் இருந்தன. அந்தப் பிராண்டுக்காக ஒரே ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்டவர்கள்கூட அதைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடு கூடக்கூட எழுதுவதும் கூடியது.

மருந்துக் கம்பெனிகளின் விற்பனை முறைக்காக மத்திய அரசு கொண்டுவந்த 2024 மார்ச் விதித்தொகுப்பு, பேனா, நாட்காட்டி போன்ற நினைவூட்டுப் பொருளுக்கு 1,000 ரூபாய் வரை அனுமதிக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்த 20 டாலர்தான் ஞாபகம் வந்தது. அந்தத் தொகுப்பை மீறினால் விசாரிப்பதும் கம்பெனிகளின் சங்கம்தான் என்பது தனிக் கதை.

கிராமத்து டாக்டர் · சனி, மதியம் 3:05

மேடம், உங்களிடமே படித்தவன் மாதிரி கேட்கிறேன். சாப்பாடு போட்டதால் எழுதினாரா, எழுதுகிறவராகப் பார்த்துச் சாப்பாடு போட்டார்களா? இந்த ஆய்வு எதைக் காட்டுகிறது?

நீலமலர் · சனி, மதியம் 3:12

நல்ல கேள்வி. தொடர்பை மட்டும் காட்டுகிறது. எது காரணம், எது விளைவு என்று அதனால் சொல்ல முடியாது. ஆய்வாளர்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

பழைய பை · சனி, மாலை 4:40

இரண்டும்தான். எழுதுகிறவரைத் தக்கவைக்கவும் சாப்பாடு, எழுதாதவரைத் திருப்பவும் சாப்பாடு. பலன் வராத டாக்டருக்கு இரண்டாவது முறை பட்ஜெட் வராது. ஏரியா மேனேஜர் முதலில் கேட்பதே அதைத்தான்.

கல்லாப்பெட்டி · சனி, மாலை 6:15

எல்லோரும் டாக்டரையே சுற்றுகிறீர்கள். நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பிராண்டு இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது ஆரம்பிப்பீர்கள், அதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் பிராண்டு பெயர் எழுதினால் அதை மாற்றிக் கொடுக்கச் சட்டம் என்னை விடாது. அவர் "பான்டோபிரசோல் 40" என்று மட்டும் எழுதினால்? என் ரேக்கில் பன்னிரண்டு கம்பெனி அட்டை இருக்கிறது. எதை எடுப்பது என்பது என் கையில். பெரிய பிராண்டில் எனக்கு நூற்றுக்கு இருபது நிற்கும். சில டிரேடு ஜெனரிக்கில், அதாவது டாக்டர் வழியாக அல்லாமல் நேரே கடைக்கு விற்கும் சரக்கில், அட்டையில் அச்சடித்த விலை அறுபது என்றால் எனக்கு வாங்கிய விலை பன்னிரண்டு, பதினைந்து. நான் எதை எடுப்பேன் என்று சொல்ல வேண்டுமா? டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் ரெப், அதாவது கம்பெனிப் பிரதிநிதி, நாளைக்கு என் கடை வாசலில் நிற்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

2023 ஆகஸ்டு 2-ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் பொதுப்பெயரில்தான் எழுத வேண்டும், மீறினால் நடவடிக்கை என்று விதி கொண்டுவந்ததே, மூன்றே வாரத்தில் நிறுத்திவைத்துவிட்டார்கள். டாக்டர்கள் சங்கம் எதிர்த்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். "அப்படியானால் மருந்தைத் தேர்வு செய்வது கடைக்காரனா?" என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கடைக்காரனே சொல்கிறேன்.

வைகைக்கரை · சனி, மாலை 6:50

கல்லாப்பெட்டி ஐயா, அப்படியானால் அப்பாவுக்கு மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கலாமா? அங்கே விலை மூன்றில் ஒரு பங்கு என்கிறார்கள்.

கல்லாப்பெட்டி · சனி, இரவு 7:05

தாராளமாக வாங்குங்கள். சர்க்கரை, அழுத்தம் மாத்திரையெல்லாம் அங்கே கிடைக்கும். சீட்டில் பொதுப்பெயரும் மில்லிகிராமும் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். போட்டிக் கடைக்கு நானே வழி சொல்கிறேன் பாருங்கள்.

கிராமத்து டாக்டர் · சனி, இரவு 10:10

இப்போதுதான் கடைசி நோயாளி போனார். விலைக்கு வருகிறேன். நான் பிராண்டு எழுதுவது தரத்துக்காக. தண்ணீரில் எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு, மூல மருந்துக்கு இணையாக இரத்தத்தில் சேர்கிறதா என்ற சோதனை 2017 ஏப்ரலில்தான் இங்கே கட்டாயமானது. அதற்கு முன் உரிமம் வாங்கியவை இன்னும் விற்பனையில் இருக்கின்றன. ஒரு வலிப்பு நோயாளிக்குக் கம்பெனி மாறியதும் வலிப்பு திரும்ப வந்ததைப் பார்த்தவன் நான். அன்று முதல் அந்த ஒரு மருந்தைப் பெயர் சொல்லித்தான் எழுதுகிறேன். இதுவும் கமிஷனா?

விலையைப் பார்க்காதவனும் இல்லை. எம்பாகிளிஃபுளோசின் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்ல மருந்து என்று எனக்குப் பல வருடமாகத் தெரியும். ஒரு மாத்திரை அறுபது ரூபாய் விற்ற காலத்தில் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்? விரல்விட்டு எண்ணலாம். 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்து பத்து ரூபாய் அளவுக்கு இறங்கியதும் எழுத ஆரம்பித்தேன். என் அறிவு மாறவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் செருப்பைப் பார்த்து எழுதுகிறவன் நான்.

பழைய பை · சனி, இரவு 10:24

காப்புரிமை முடிந்த அந்த வாரம் உங்கள் அறைக்கு எத்தனை ரெப் வந்தார்கள், டாக்டர்?

கிராமத்து டாக்டர் · சனி, இரவு 10:31

வந்தார்கள். ஒரே நாளில் ஏழு பேர்.

நீலமலர் · ஞாயிறு, காலை 7:30

தரம் என்பது உண்மையான கவலை. ஆனால் பிராண்டு பெயர் அதற்கு உத்தரவாதம் இல்லை. 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் மருந்து எங்கே தயாரானது? நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அட்டகாசமான பிராண்டு பெயரோடு, டாக்டர் சீட்டிலேயே எழுதப்பட்டுக் கடையில் விற்றது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அந்த வகைக் கலவையை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023-லேயே மத்திய அரசு சொல்லியிருந்தது. கெட்ட சரக்கு கம்பெனியின் குற்றம். அந்த வயதுக் குழந்தைக்கு அந்த வகை மருந்தையே எழுதியது வேறு குற்றம். இந்த இழையின் கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

இன்னொன்று கேட்கிறேன், டாக்டர். நம் மாநிலத்தில் 1990-களின் நடுவிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குகிறது. அத்தியாவசியப் பட்டியல், பொதுப்பெயர், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் எடுத்த மருந்தின் கணக்கைக் காட்டும் பாஸ்புக், சரக்கு வந்ததும் ஆய்வகச் சோதனை. அட்டையில் விற்பனைக்கு அல்ல என்று அச்சு. அரசு டாக்டர் காலையில் அங்கே ஓ.பி. சீட்டில் "மெட்ஃபார்மின்" என்று எழுதுகிறார். மாலையில் சொந்த கிளினிக்கில் அதே கை, அதே வகை நோயாளிக்கு ஒரு பிராண்டு பெயரை எழுதுகிறது. காலை பத்து மணிக்கு இருந்த நம்பிக்கை மாலை ஆறு மணிக்கு எங்கே போகிறது?

சுண்டுக்குளி · ஞாயிறு, முற்பகல் 11:15

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டில் இந்தச் சண்டை ஐம்பது வருடப் பழையது. பேராசிரியர் சேனக பிபிலே 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, தேவையான மருந்துகளை மட்டும் பட்டியலிட்டுப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். பல நாடுகள் அதைப் பார்த்தே தங்கள் கொள்கையை எழுதின. 2015-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்க மருந்து ஒழுங்குமுறைச் சட்டமும் சிட்டையில் பொதுப்பெயர் எழுத வேண்டும் என்கிறது. ஆனால் தனியார் கிளினிக்கில் எனக்குக் கிடைக்கும் துண்டில் பிராண்டுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது.

நீலமலர் அம்மா சொல்லும் மொத்தக் கொள்முதலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2023-இல் எங்கள் அரச மருத்துவமனைகளுக்குப் போலி இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புக்கான ஊசி மருந்து) வந்து சேர்ந்தது. சுகாதார அமைச்சராக இருந்தவரே மறு வருடம் கைதானார். ஆயிரம் டாக்டருக்குக் கொடுப்பதற்குப் பதில் மேலே ஒரு கையொப்பத்துக்குக் கொடுத்தால் போதும் என்று ஆகிவிடலாம்.

நெருப்புக்கோழி · ஞாயிறு, முற்பகல் 11:40

அப்படியானால் எங்கே போவது? பாட்டி வைத்தியத்துக்கா?

கல்லாப்பெட்டி · ஞாயிறு, முற்பகல் 11:43

அதற்கும் இப்போது ரெப் வருகிறார்.

கிராமத்து டாக்டர் · ஞாயிறு, மாலை 5:30

நீலமலர் மேடம் கேட்ட காலை மாலைக் கேள்விக்கு இன்று முழுவதும் பதில் தேடினேன். "மாலையில் நோயாளி காசு கொடுக்கிறார், அவருக்குப் பெயர் தெரிந்த மருந்து வேண்டும்" என்று எழுதி அழித்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி, காலையில் அரசு ஓ.பி.யில் எதிரே வேறு பெயரே இல்லை. பட்டியலில் இருப்பதைத்தான் எழுத முடியும். மாலையில் நாற்பது பெயர். தலைக்குள் முதலில் வருவது கைக்கு வருகிறது. அது எப்படி முதலில் வருகிறது என்று பழைய பை சொல்லிவிட்டார்.

சரி, கம்பெனியை ஒதுக்கிவையுங்கள். களைப்புக்கு என்ன மருந்து வைத்திருக்கிறீர்கள்? முதல் பத்துப் பேருக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று விளக்குகிறேன். ஐம்பதாவது ஆளுக்கு விளக்கத் தெம்பு இல்லை. எழுதினால் முப்பது விநாடி, எழுதாமல் அனுப்பினால் ஆறு நிமிடம்.

நீலமலர் · ஞாயிறு, மாலை 6:20

இதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பாஸ்டன் பகுதி கிளினிக்குகளில் 2014-இல் வந்த ஆய்வு இதையே கண்டது. சளி, தொண்டை வலி என்று வந்தவர்களின் 21,000-க்கும் மேற்பட்ட சந்திப்புகளில், டாக்டர் உட்கார்ந்த முதல் மணி நேரத்தைவிட நான்காவது மணி நேரத்தில் வந்தவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதும் வாய்ப்பு நன்றாகவே கூடியிருந்தது. நோயாளிக்கு ஒதுக்கும் நேரத்தை 67 நாடுகளில் ஒப்பிட்டபோது சுவீடன் 22 நிமிடத்தைத் தாண்டியது, வங்கதேசம் 48 விநாடி. நாம் எந்தப் பக்கம் என்று வைகைக்கரையின் மூன்று நிமிடமே சொல்கிறது.

செலவில்லாமல் பலன் தந்த ஒன்றும் இருக்கிறது. 2014-இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி, அதிகமாக ஆன்டிபயாட்டிக் எழுதும் டாக்டர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். உங்கள் பகுதியில் 80 சதவீத கிளினிக்குகள் உங்களைவிடக் குறைவாக எழுதுகின்றன என்பதுதான் அதன் சாரம். தண்டனையும் மிரட்டலும் இல்லை. கடிதம் போன இடங்களில் எழுதுவது 3.3 சதவீதம் குறைந்தது. சிறிய எண்தான், ஆனால் ஒரு தபாலுக்கு அது அதிகம்.

கிராமத்து டாக்டர் · ஞாயிறு, மாலை 6:48

அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். 19 வருடத்தில் நான் என்ன எழுதுகிறேன் என்று எனக்கு யாரும் கணக்குக் காட்டியதில்லை. கவுன்சிலோ அரசோ சங்கமோ காட்டியதில்லை. என் சீட்டைக் கணக்கு வைத்திருப்பவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கடைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கணக்கு எடுத்தவர்.

பழைய பை · ஞாயிறு, இரவு 7:30

நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது, டாக்டர்.

வைகைக்கரை · புதன், இரவு 8:15

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே வந்த பதில்களைப் படித்துவிட்டு அப்பாவை அரசு மருத்துவக் கல்லூரி ஓ.பி.க்கு அழைத்துப் போனேன். எட்டு அட்டையையும் ஒரு துணிப்பையில் போட்டு அப்படியே மேசையில் கொட்டினேன். அந்த இளம் டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் படித்து இரண்டு குவியலாகப் பிரித்தார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை இரத்தத்தில் பார்க்கச் சொன்னார், 1.5 இருந்தது, இருக்க வேண்டியதைவிட அதிகம். வலி மாத்திரை உடனே நிறுத்தம். அது நின்றதால் வயிற்று மாத்திரைக்கும் வேலை இல்லை என்றார். டிரிப்சின் மாத்திரையை எதற்கு என்று கேட்டேன், தோளைக் குலுக்கினார். பி12 அளவைப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரையை முடிவு செய்யலாம், அதுவரை வேண்டாம் என்றார். பழைய மூன்றும் கால்சியமும் தொடர்கின்றன. வலித்தால் மட்டும் வெறும் பாராசிட்டமால், தொடை தசைக்கு மூன்று பயிற்சி. அப்பா இரண்டு நாள் செய்துவிட்டு "மாத்திரையே தேவலை" என்கிறார்.

முதல் டாக்டர் ஏன் எழுதினார் என்று கேட்க அவரிடம் போகவில்லை. ஊரில் மறுபடியும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

நீலமலர் · புதன், இரவு 8:40

சில வாரம் கழித்துக் கிரியாட்டினினை மறுபடியும் பாருங்கள். டிரிப்சினைப் பற்றி: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் 13 பெரிய மருத்துவமனைகளில் 4,838 சீட்டுகளை ஆராய்ந்தது. ஏறத்தாழ 45 சதவீதத்தில் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து ஏதாவது விலகல் இருந்தது. ஏற்கவே முடியாத விலகல் என்று குறித்தது சுமார் 10 சதவீதம். அதில் அடிக்கடி வந்தவை வயிற்று மாத்திரைகளும் டிரிப்சின் போன்ற என்சைம் மாத்திரைகளும்தான். அவை கிராமத்து கிளினிக்குகள் அல்ல, கற்பிக்கும் மருத்துவமனைகள்.

கிராமத்து டாக்டர் · புதன், இரவு 10:55

அந்த என்சைம் மாத்திரையை நானும் எழுதுகிறேன். இன்றுகூட இரண்டு பேருக்கு எழுதினேன். ஏன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்த ஞாபகம் இல்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது என் யூனிட் சீஃப் எழுதுவார், நான் பார்த்து எழுதினேன். வலி மாத்திரை எழுதியதும் அடுத்த வரியில் கை தானாகவே அதை எழுதிவிடுகிறது.

வைகைக்கரை · வியாழன், காலை 7:10

கடைசியாக ஒன்று. நிறுத்திய மாத்திரைகளில் ஆறு அட்டை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்வார்களா?

கல்லாப்பெட்டி · வியாழன், காலை 7:35

முழு அட்டையாக இருந்து, பில்லும் இருந்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். கத்தரித்த அட்டையை எடுக்க மாட்டார்கள். காலாவதித் தேதி இருக்கும் பக்கத்தைக் கிழிக்காமல் கொண்டுபோங்கள்.